பொம்மை எஞ்சினுக்குக் குரல் கொடுப்பது எப்படி?

நீராவி எஞ்சின் புறப்படும்போது எழும் 'குப்... குப்...' என்ற ஓசையைச் சிறு குழந்தைகள்கூட வாயால் செய்து காட்டுவார்கள். ஆனால் அந்த ஓசை எங்கிருந்து பிறக்கிறது என்று கேட்டால், பலரும் சக்கரத்தைத்தான் காட்டுவார்கள். அது சக்கரத்தின் ஓசையன்று, புகைபோக்கியின் ஓசை. உருளைக்குள் புகுந்த நீராவி, உந்துதண்டைத் தள்ளி முடித்த பின்பும் சிறிது அழுத்தத்தோடு இருக்கிறது. அந்த நிலையிலேயே அது ஒரு குறுகிய குழாய் வழியாகப் புகைபோக்கிக்குள் பாய்ந்து, அடுப்பின் புகையையும் தன்னோடு இழுத்துக்கொண்டு வெளியே பீறிடுகிறது. அந்தப் பீறிடல்தான் 'குப்'. அது இழுக்கும் காற்றினால்தான் அடுப்பு கனன்று எரிகிறது. எஞ்சின் எவ்வளவு கடுமையாக உழைக்கிறதோ, அவ்வளவு உரக்க மூச்சு விடும். எவ்வளவு உரக்க மூச்சு விடுகிறதோ, அவ்வளவு வேகமாக அடுப்பு எரியும். ஆகவே அந்த ஓசை எஞ்சினின் உழைப்புக் கணக்கு எனலாம். ஓட்டுநர்கள் அளவுமானிகளைப் பார்ப்பதோடு காதாலும் எஞ்சினை நடத்தினார்கள்.

இப்போது ஒரு பொம்மை எஞ்சினை எடுத்துக்கொள்வோம். பொம்மை என்றாலும் அது விளையாட்டுச் சாமான் அன்று. இங்கிலாந்தில் பெரியவர்களும் பல ஆண்டுகள் பொறுமையோடு சேர்த்து வைக்கும் நுட்பமான மாதிரி வண்டி. உண்மை எஞ்சினின் ஓர் அடி நீளம் இங்கே 4 மில்லிமீட்டராகச் சுருங்கும். அதாவது ஏறக்குறைய 76-இல் ஒரு பங்கு. உள்ளே கொதிகலன் இல்லை, நீராவி இல்லை. ஒரு சிறு மின்மோட்டார் மட்டுமே உண்டு. தண்டவாளத்தில் 'ஸ்ஸ்' என்று ஊமையாக ஓடும். இந்த ஊமைக்குப் பேச்சு வரவழைக்கும் கலையைத்தான் இக்கட்டுரையில் காணப் போகிறோம்.

மாதிரிக்கு 'பிளையிங் ஸ்காட்ஸ்மன்' எஞ்சினையே எடுத்துக்கொள்வோம். சர் நைஜல் கிரெஸ்லியின் வடிவமைப்பில், 1923-இல் இங்கிலாந்தின் டான்காஸ்டர் தொழிற்சாலையில் உருவானது அது. 1934 நவம்பர் 30 அன்று மணிக்கு 100 மைல் வேகத்தை எட்டி, அந்த வேகம் அதிகார பூர்வமாகப் பதிவான முதல் நீராவி எஞ்சின் என்ற புகழைப் பெற்றது. இதற்கு மூன்று உருளைகள். ஒவ்வோர் உருளையிலும் உந்துதண்டின் இருபுறமும் நீராவி வேலை செய்வதால், சக்கரம் ஒரு சுற்று சுற்றுவதற்குள் ஓர் உருளை இரண்டு முறை மூச்சு விடும். மூன்று உருளைக்கு ஆறு 'குப்'. சாதாரண இரண்டு உருளை எஞ்சினுக்கோ நான்குதான். நான்கு உருளை என்றால் எட்டு இருக்கவேண்டும் அல்லவா? அங்கேதான் வேடிக்கை. கிரேட் வெஸ்டர்ன் கம்பெனியின் 'காஸில்' எஞ்சின்களில் நான்கு உருளைகளும் இரண்டிரண்டாகச் சேர்ந்து மூச்சு விடுவதால் நான்கே 'குப்' கேட்கும். சதர்ன் கம்பெனி 1926-இல் செய்த 'லார்டு நெல்சன்' எஞ்சினில் கிராங்குகளை வேறு கோணத்தில் அமைத்தார்கள். அங்கே எட்டும் தனித்தனியே கேட்கும். கண்ணை மூடிக்கொண்டு தாளத்தை எண்ணியே இது இன்ன ஜாதி எஞ்சின் என்று சொல்லிவிடும் ரசிகர்கள் அந்த நாட்டில் உண்டு. அவர்கள் முன்னால் ஆறுக்குப் பதில் நான்கு தாளம் போட்டால், ஆதி தாளத்துப் பாட்டுக்கு ரூபகம் வாசித்த கதைதான்!

பழைய காலத்திலும் சிலர் பொம்மைக்கு ஓசை சேர்க்க முயன்றார்கள். எஞ்சினுக்குப் பின்னால் நிலக்கரியும் நீரும் சுமந்து வரும் சிறு வண்டியை டெண்டர் என்பார்கள். அதன் அச்சில் உப்புத்தாளை உரசவிட்டு 'சர்க் சர்க்' என்று ஒலிக்கச் செய்த பொம்மைகள் 1970-களில் கடைகளில் விற்றன. ஆனால் அந்த ஓசை சக்கரத்துக்கு அடிமை. சக்கரம் சுற்றினால் ஒலிக்கும், நின்றால் நிற்கும். உண்மை எஞ்சின் அப்படியா? நிலையத்தை நெருங்கும்போது ஓட்டுநர் நீராவியை அடைத்துவிடுவார். வண்டி ஓடிக்கொண்டே இருக்கும். 'குப்' ஓசை அறவே நின்று, இணைப்புத் தண்டுகள் மட்டும் 'கிளிங் கிளிங்' என்று ஒலிக்கும். புறப்படும்போதோ ஓசை பெரிது, நகர்வு சிறிது. ஆக, ஓசை வேகத்தைத் தொடரவில்லை; உழைப்பைத் தொடர்கிறது. பொம்மைக்குக் குரல் கொடுப்பதில் உள்ள உண்மையான சிக்கல் இதுதான். உழைக்காத ஒரு பொருளை உழைப்பது போல் ஒலிக்கச் செய்யவேண்டும்.

இதற்குப் பழைய மின்முறை உதவாது. அம்முறையில் தண்டவாளத்துக்கு 0 முதல் 12 வோல்ட் வரை மின்னழுத்தம் கொடுப்பார்கள். குமிழைத் திருகினால் அழுத்தம் கூடும், வண்டி விரையும். மின்திசையை மாற்றினால் பின்னோக்கிப் போகும். வண்டி நிற்கும்போது தண்டவாளத்தில் மின்சாரமே இருக்காது. மின்சாரம் இல்லாமல் நிற்கும் எஞ்சின் எப்படிக் கொதிநீரின் இரைச்சலை எழுப்பும்? மேலும், ஒரே தண்டவாளத்தில் இரண்டு எஞ்சின்களை வைத்தால் இரண்டும் ஒருங்கே ஓடும். ஒன்றை மட்டும் அழைக்க வழியில்லை.

வழி ஜெர்மனியிலிருந்து வந்தது. கீஸன் நகரைச் சேர்ந்த பெர்ண்ட் லென்ஸ் என்பவரின் நிறுவனம் 1980-களின் இறுதியில் உருவாக்கிய எண்முறைக் கட்டுப்பாட்டை, அமெரிக்காவின் தேசிய மாதிரி இரயில்வே சங்கம் 1990-களின் முற்பகுதியில் பொதுத் தரமாக ஏற்றுக்கொண்டது. டி.சி.சி. என்று சுருக்கமாக அழைக்கிறார்கள். இதில் தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்னழுத்தம், ஏறத்தாழ 15 வோல்ட், இருந்துகொண்டே இருக்கும். ஆனால் அதன் திசை விநாடிக்குப் பல்லாயிரம் முறை முன்னும் பின்னுமாக மாறிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் இடைப்பட்ட நேரத்தில்தான் செய்தி ஒளிந்திருக்கிறது.

தமிழ் படிக்கும் நமக்கு இதைப் புரிந்துகொள்வது எளிது. குறில், நெடில் என்றால் போதுமே! 58 மைக்ரோ விநாடி ஒரு திசையிலும், அதே நேரம் மறு திசையிலும் மின்சாரம் பாய்ந்தால் அது குறில். கணக்கில் 1 என்று பொருள். அந்த நேரம் 100 மைக்ரோ விநாடியோ அதற்கு மேலோ நீண்டால் அது நெடில். 0 என்று பொருள். (மைக்ரோ விநாடி என்பது விநாடியில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு.) குறைந்தது 14 குறில்கள் தொடர்ந்து வந்தால், 'கவனியுங்கள்' என்று வகுப்பில் மணி அடித்ததாகக் கொள்ளவேண்டும். அதன் பிறகு ஒரு நெடில். அடுத்து எட்டு எழுத்தில் எஞ்சினின் முகவரி. மறுபடி ஒரு நெடில். அடுத்து எட்டு எழுத்தில் கட்டளை. கடையிலிருந்து வரும் புதிய கருவியின் முகவரி 3. அதாவது ஆறு நெடில், இரண்டு குறில்.

கட்டளைக்குப் பின் இன்னும் எட்டு எழுத்து வரும். இது எங்களுக்கு மிகவும் பிடித்த பகுதி. முகவரியையும் கட்டளையையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, மேலும் கீழும் ஒரே எழுத்தானால் நெடில், வேறு வேறானால் குறில் என்று மூன்றாவது வரியாக எழுதி அனுப்புகிறார்கள். எஞ்சினும் அதே கணக்கைப் போட்டுப் பார்க்கும். விடை பொருந்தவில்லையானால் வழியில் ஏதோ எழுத்துப் பிழை நேர்ந்திருக்கிறது என்று அறிந்து, கட்டளையைக் காதில் போட்டுக்கொள்ளாது. ஒரு விநாடிக்கு நூறுக்கு மேற்பட்ட கட்டளைகள் திரும்பத் திரும்ப வருவதால், ஒன்றை விட்டாலும் நட்டமில்லை. தூசு படிந்த தண்டவாளத்தின் வழியே செய்தி பத்திரமாகப் போய்ச் சேரும் இரகசியம் இதுவே.

எஞ்சினுக்குள்ளே இருந்து இதையெல்லாம் படிப்பது டிகோடர் என்னும் கருவி. தபால் தலை அளவே உள்ள இச்சிறு பலகை, தண்டவாளத்து மின்சாரத்தை முதலில் ஒருதிசை மின்சாரமாக மாற்றிக்கொள்கிறது. பிறகு மோட்டாருக்குத் துண்டு துண்டாக அளந்து கொடுக்கிறது. இந்தத் துண்டுகளுக்கு நடுவே ஒரு கணம் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, மோட்டாரைக் கவனிக்கிறது. சுற்றிக்கொண்டிருக்கும் மோட்டார் தானே ஒரு சிறு மின்னாக்கி போல் மின்னழுத்தத்தைப் பிறப்பிக்கும் அல்லவா? இயற்பியல் பாடத்தில் பின்னோக்கு மின்னியக்கு விசை என்று தேர்வுக்காக நெட்டுருப் போட்டோமே, அதுவேதான்! அதை அளந்தால் மோட்டார் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்பது தெரியும். மேட்டில் ஏறும்போது வேகம் குறைந்தால் டிகோடர் கூடுதல் மின்சாரம் தரும். ஒலி வசதியுள்ள நல்ல டிகோடரானால் கூடவே 'குப்' ஓசையையும் கனமாக்கும். இறக்கத்தில் மோட்டாருக்குச் சுமை குறைந்ததும் ஓசையை மெல்லியதாக்கும். உழைக்காத பொம்மைக்கு உழைப்பின் கணக்கு கிடைத்துவிட்டது!

இனிப் பொருத்தும் வேலைக்கு வருவோம். புதிய எஞ்சின்களில் இதற்கென எட்டு ஊசியோ இருபத்தோர் ஊசியோ செருகும் இடம் விட்டே விற்கிறார்கள். செருகினால் தீர்ந்தது, அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. பழைய எஞ்சின்தான் சோதனை. அவற்றில் பெரும்பாலும் மோட்டாரின் கார்பன் பிரஷ் ஒன்று உலோக அடிச்சட்டத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். அச்சட்டம் சக்கரத்தின் வழியே தண்டவாளத்தைத் தொட்டிருக்கும். இப்படியே டிகோடரை இணைத்தால், தண்டவாளத்தின் முழு மின்சாரமும் அதன் பின்வாசல் வழியே புகுந்து ஒரு நொடியில் எரித்துவிடும். ஒரு கீற்றுப் புகை, ஒரு தீய்ந்த வாடை, அவ்வளவுதான். ஒலி டிகோடரின் விலை சாதாரண டிகோடரின் விலையைப் போல் சில மடங்கு என்பதை எண்ணினால், அந்தப் புகை எவ்வளவு விலையுயர்ந்தது என்பது விளங்கும். ஆகவே மோட்டாரைச் சட்டத்திலிருந்து முற்றிலும் பிரித்து, காப்பிட்டு, மல்டிமீட்டரை வைத்துப் பார்க்கவேண்டும். மோட்டாரின் இரு முனைகளுக்கும் இரு தண்டவாளங்களுக்கும் இடையே எந்த வழியிலும் தொடர்பு இருக்கக் கூடாது. உடம்பு மூடியை மாட்டிய பிறகு மறுமுறையும் பார்க்கவேண்டும். மூடியின் அழுத்தத்தில் கம்பி எங்காவது சட்டத்தில் உரசும்.

இன்னொன்றையும் முன்கூட்டியே அளந்துகொள்வது நல்லது. மோட்டாருக்கு 12 வோல்ட் கொடுத்து, சக்கரத்தை ஒரு கணம் விரலால் பிடித்து நிறுத்தினால் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று பார்க்கவேண்டும். இவ்வளவு சிறிய டிகோடர்கள் பலவும் 1 ஆம்பியர் அளவே தாங்குபவை. முதிய மோட்டார் அதற்கு மேல் இழுத்தால் மோட்டாரையே மாற்றுவதுதான் புத்தி. மோட்டார் முனைகளின் குறுக்கே பழைய மின்தேக்கி ஏதேனும் இருந்தால் அதையும் எடுத்துவிடலாம். வானொலி, தொலைக்காட்சியில் இரைச்சல் வராமல் தடுக்க வைத்தது அது; டிகோடரின் அளவையைக் குழப்பக்கூடும்.

கம்பிகளின் வண்ணங்களை உலகம் முழுவதும் ஒரே வகையாக வைத்திருக்கிறார்கள். சிவப்பு வலது தண்டவாளத்துக்கு. கறுப்பு இடது தண்டவாளத்துக்கு. ஆரஞ்சும் சாம்பலும் மோட்டாருக்கு. நீலம் விளக்குகளுக்கான பொதுக் கம்பி; வெள்ளை முன்விளக்கு, மஞ்சள் பின்விளக்கு. ஆனால் அந்த நாளைய ஆங்கிலேய எஞ்சின்களின் முகப்பில் மங்கிய எண்ணெய் விளக்குகளே இருந்தன. ஆகையால் விளக்குக் கம்பி ஒன்றில் தக்க மின்தடையோடு ஒரு சிவப்புக் குறுவிளக்கைச் சேர்த்து, அடுப்பின் கனலாக மினுக்கச் செய்கிறார்கள். அழகான யோசனை.

ஒலிபெருக்கியைப் பொருத்துவதில்தான் பலர் சறுக்குவார்கள். ஒலிபெருக்கியின் தாள் முன்னால் அசையும்போது காற்றை நெருக்குகிறது. அதே வேளையில் பின்னால் தளர்த்துகிறது. இரண்டும் சுற்றி வந்து சந்தித்தால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். திறந்தபடி மேசைமேல் வைத்த சிறு ஒலிபெருக்கி கொசுபோல் கீச்சிடுவதற்குக் காரணம் இதுவே. பின்புறத்தைக் காற்றுப் புகாத சிறு பெட்டியால் மூடிவிட்டால் அதே ஒலிபெருக்கி நெஞ்சுக் குரலில் பேசும்! பெட்டியின் ஓரத்தில் ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் குரல் இளைத்துவிடும். இடம் தாராளமாக இருப்பதால் டெண்டருக்குள் வைப்பதே வழக்கம். ஓசை புகைபோக்கியிலிருந்து அல்லவா வரவேண்டும் என்று கேட்பவர்களுக்கு இப்போது விடை உண்டு. கைப்பேசிகளுக்காகச் செய்த, சர்க்கரைக் கட்டி அளவுள்ள ஒலிபெருக்கிகள் எஞ்சினின் முன்பகுதியிலேயே அடங்கிவிடுகின்றன.

தண்டவாளத்தில் ஒரு துகள் தூசு இருந்து ஒரு கணம் மின்தொடர்பு அறுந்தால், ஊமை எஞ்சின் ஒரு குலுக்கலோடு போய்விடும். பேசும் எஞ்சினோ நடுவில் ஊமையாகி, மீண்டும் கொதிகலன் காய்ச்சுவதிலிருந்து பாடத்தைத் தொடங்கும். சில நொடிகளுக்கு மின்சாரத்தைச் சேமித்துத் தரும் மின்தேக்கி ஒன்றைக் கூடுதலாக இணைப்பது இதற்காகவே. ஆனாலும் சக்கரத்தைத் துடைப்பதற்கு ஈடாக எந்த மின்தேக்கியும் இல்லை.

இணைத்தாயிற்று. அடுத்து டிகோடருக்குப் பழக்கவழக்கம் கற்பிக்கவேண்டும். எண்ணிட்ட பல அறைகள் அதன் நினைவில் உண்டு. முதல் அறையில் முகவரி. மூன்றாம் அறையில் எவ்வளவு மெதுவாக வேகம் பிடிக்கவேண்டும் என்பதும், நான்காம் அறையில் எவ்வளவு மெதுவாக வேகம் குறையவேண்டும் என்பதும் எண்களாக இருக்கும். இந்த இரண்டிலும் பெரிய எண்களை இட்டால்தான் நாடகம் நடக்கும். குமிழைத் திருகியதும் ஓசை முந்தும், சக்கரம் பிந்தும். பத்துப் பெட்டிகளின் பாரத்தை உணர்ந்ததுபோல் நான்கைந்து கனத்த மூச்சுகள் விட்டுத்தான் வண்டி நகரும். குமிழைத் தாழ்த்தியதும் 'குப்' நின்றுபோகும். தண்டுகளின் கிளிங்கொலியோடு வண்டி அரை நிமிடம் தானாக மிதந்து வந்து நிலையத்தில் நிற்கும். எங்கே நீராவியை அடைத்தால் சரியாக மேடையருகே நிற்கும் என்பதை ஓட்டுபவர் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

தாளத்தையும் சரிபார்க்கவேண்டும். நம் எஞ்சினின் பெரிய சக்கரத்தின் குறுக்களவு 6 அடி 8 அங்குலம். சுற்றளவு ஏறக்குறைய 6.4 மீட்டர். மணிக்கு 10 மைல் வேகத்தில் விநாடிக்கு நான்கு 'குப்' கேட்கும். 100 மைல் வேகத்தில் விநாடிக்கு நாற்பதுக்கு மேல் போய்விடும். காது அதை எண்ண முடியாது, ஒரே உறுமலாகத்தான் கேட்கும். இதில் ஒரு விந்தை பாருங்கள். பொம்மையின் உருவம் 76 மடங்கு சுருங்குகிறது. வேகமும் அதே அளவு சுருங்குகிறது. ஆனால் விநாடிக்கு இத்தனை என்ற தாளம் மட்டும் சுருங்குவதேயில்லை.

ஓசையின் அளவு? இங்கே பலரோடு நாங்கள் மாறுபடுகிறோம். பொம்மையை ஒரு மீட்டர் தொலைவிலிருந்து பார்ப்பது, உண்மை எஞ்சினை 76 மீட்டர் தொலைவிலிருந்து பார்ப்பதற்குச் சமம். அவ்வளவு தொலைவில் நின்றால் நிலக்கரி அள்ளும் மண்வெட்டியின் ஓசை கேட்குமா? ஆயினும் மண்வெட்டிக்கென்றே ஒரு பொத்தான் வைத்திருக்கிறார்கள்! டிகோடரை வாங்கியதும் முதல் வேலையாக ஒலியளவைப் பாதியாகக் குறைப்பது வீட்டில் உள்ளவர்களுக்கும் நல்லது.

எல்லாம் சரி, அந்தக் குரல் யாருடையது? டிகோடருக்குள் இருப்பது செயற்கை ஓசையன்று. உண்மை எஞ்சின் ஒன்றின் பக்கத்தில் ஒலிவாங்கியை வைத்துப் பதிந்தது. மெதுவாக ஏறும்போது ஒன்று, விரைந்து ஓடும்போது ஒன்று, நிற்கும்போது ஒன்று என்று ஒவ்வொரு 'குப்'பையும் தனித்தனியே வெட்டி, நினைவில் அடுக்கி, சக்கரத்தின் சுழற்சிக்கேற்பக் கோத்துத் தருகிறார்கள். பிரிட்டிஷ் இரயில்வேயில் நீராவியின் பொதுச் சேவை 1968 ஆகஸ்டில் முடிந்தது. எஞ்சியிருப்பவை ஆர்வலர்களும் அருங்காட்சியகங்களும் காத்துவரும் சில எஞ்சின்களே.

'பிளையிங் ஸ்காட்ஸ்மன்' பிழைத்திருக்கிறது. 2004 முதல் யார்க் நகரில் உள்ள தேசிய இரயில்வே அருங்காட்சியகத்தின் உடைமை. நீண்ட பழுதுபார்ப்புக்குப் பின் 2016-இல் மறுபடி ஓடியது. அதன் குரலைப் பதிந்துவிட்டால் போதுமே என்று தோன்றும். போதாது. 1934-இல் அது 100 மைல் ஓடியபோது இருந்தது ஒற்றைப் புகைபோக்கி. 1950-களின் இறுதியில் இரட்டைப் புகைபோக்கி பொருத்தினார்கள். 2016-இல் திரும்பி வந்தபோதும் இரட்டைதான். நீராவி தடையின்றி வெளியேறுவதால் அதன் மூச்சு மென்மையானது. பச்சை வண்ணத்தில் 4472 என்ற பழைய எண்ணைத் தாங்கிய பொம்மைக்கு இன்றைய ஒலிப்பதிவை வைத்தால், பாட்டியின் இளமைக்காலப் புகைப்படத்துக்கு இன்றைய அவள் குரலைச் சேர்த்ததுபோல் ஆகும். 1969-இல் அது அமெரிக்கச் சுற்றுப்பயணம் போனபோது அந்நாட்டு வழக்கப்படி மணியும் வேறு ஊதுகுழலும் மாட்டினார்கள். ஆகவே மணியோசை கேட்கவேண்டிய 'பிளையிங் ஸ்காட்ஸ்மன்' அந்தச் சில ஆண்டுகளுக்கு உரியது மட்டுமே. தவிர, கிரெஸ்லியின் நடு உருளைக்கு வால்வை இயக்கும் நெம்புகோல் இணைப்புகள் தேயத் தேய, ஆறு 'குப்'களின் இடைவெளி ஒரே சீராக இராமல் நொண்டும். தேர்ந்த ஒலிப்பதிவாளர்கள் இந்த நொண்டலைத் திருத்தாமல் அப்படியே விடுகிறார்கள். எங்கள் கருத்திலும் அதுவே சரி. சீரான ஆறு தாளம் கணிப்பொறியின் தாளம், அந்த எஞ்சினுடையதன்று.

ஒன்றுகூட மிஞ்சாமல் உடைத்து விற்கப்பட்ட எஞ்சின் இனங்களுக்கு என்ன செய்வது? உறவினரிடமிருந்து இரவல் வாங்கவேண்டியதுதான். 1948, 1949 ஆண்டுகளில் கட்டிய 49 'ஏ-1' எஞ்சின்கள் 1966-க்குள் ஒன்று விடாமல் அழிந்தன. ஆர்வலர்கள் நிதி திரட்டி, டார்லிங்டன் நகரில் பழைய வரைபடங்களைக் கொண்டு ஐம்பதாவதாக 'டொர்னாடோ'வைப் புதிதாகவே கட்டி 2008-இல் ஓடவிட்டார்கள். அதற்குப் பின்தான் 'ஏ-1' பொம்மைகளுக்குச் சொந்த இனத்தின் குரல் கிடைக்க வழி பிறந்தது. கிரெஸ்லியின் 'பி-2' இனத்திலும் அசல் எஞ்சின் ஒன்றும் இன்று இல்லை. 'டொர்னாடோ'வைக் கட்டிய அதே அறக்கட்டளை இப்போது 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்' என்ற புதிய 'பி-2' எஞ்சினைக் கட்டிக்கொண்டிருக்கிறது. அதன் கொதிகலனில் நீராவி ஏறும் வரையில் 'பி-2' பொம்மைகள் மூன்று உருளை உறவினரின் குரலில்தான் பேசிக்கொண்டிருக்கும்.